கடைசியா எழுதின தேதி

எனக்கு என் சகலையைப் பிடிக்காது. இதை முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் நடுவுல வந்து "ஒரு பக்கமா பேசறியே"ன்னு யாரும் கேக்கக் கூடாது. ஆமா, ஒரு பக்கமாத்தான் பேசறேன். இருபத்தோரு வருஷம் அந்த ஆளுக்கு எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டிருந்தா நீங்களும் அப்படித்தான் பேசுவீங்க.

அவன் என் மனைவியோட அக்கா வீட்டுக்காரன். தொழில், எடை போடறது. காய்கறியை இல்ல, கம்பெனிகளை. எந்த சாஃப்ட்வேர் கம்பெனி அஞ்சு வருஷம் கழிச்சு நிமிர்ந்து நிக்கும், எது படுத்துடும்னு வருஷா வருஷம் அறிக்கை போடற ஆபீஸ்ல மூத்த ஆள். நான் அவனுக்கு வச்ச பேரு தராசு. வீட்டுக்கு ஒரு சோபா வாங்கினாக்கூட நாலு கடை ஏறி, பதினாறு காரணம் எழுதி, மார்க் போட்டுத்தான் வாங்குவான். அந்த சோபால உட்கார்ந்தா முதுகு வலிக்கும், அது வேற விஷயம்.

நான் விக்கறவன். டேட்டாபேஸ் விக்கறேன். ஆஸ்பத்திரியில உங்க பேரைத் தட்டினதும் போன வருஷம் எடுத்த ரத்தப் பரிசோதனை வரைக்கும் திரையில வருதில்ல? அதெல்லாம் உள்ளே எங்கயாவது அடுக்கி வச்சிருக்கணுமில்ல? அந்த அலமாரிதான் டேட்டாபேஸ். முப்பது வருஷமா எங்க கம்பெனி அந்த அலமாரியைச் செஞ்சு விக்குது. அதுல இருபத்திரண்டு வருஷம் என் கால் தேஞ்சிருக்கு.

சந்தையில நாங்க நாலு பேர். முதல் ஆள் யானை. பெரிய கம்பெனி, விலையும் யானை விலை, தீனியும் யானைத் தீனி. ரெண்டாவது இலவசக்காரன். சாஃப்ட்வேரைச் சும்மா குடுத்துட்டு, அது மக்கர் பண்ணும்போது வந்து சரி பண்றதுக்குக் காசு வாங்குவான். மூணாவது வாடகைக்காரன். எதையும் விக்க மாட்டான், உங்க விவரத்தை எல்லாம் அவன் மெஷின்ல வச்சுக்கிட்டு மாசாமாசம் வாடகை வாங்குவான். நல்லாச் செய்யறான், பொய் சொல்லக் கூடாது. நான் தினமும் காலையில எழுந்ததும் அன்னைக்கு யாரைப் பார்க்கப் போறேன்னு போன்ல அடிச்சுப் போடற செயலியே அவனோடதுதான். நாலாவது நாங்க. பழைய ஆளுங்க, ஆனா கெட்டிக்காரங்க. எங்க அலமாரி உடைஞ்சதா இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல.

இந்த வருஷம் அறிக்கை வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி எங்க டைரக்டர் கூப்பிட்டு உட்கார வச்சார். கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தினா நல்ல சேதி வராது.

"மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. அறிக்கையில மூணாவது இடத்துக்குள்ள வந்தா இன்னும் மூணு வருஷத்துக்கு நம்மளை நடத்துவாங்க. நாலாவதுன்னா மூடிடுவாங்க."

"எதை மூடுவாங்க?"

"நம்மளைத்தான்."

நம்மன்னா முப்பத்தெட்டு பேர். எனக்கு வயசு அம்பத்திமூணு. இந்த வயசுல வேற எவன் கதவைத் தட்ட? நம்ம தலையெழுத்து அந்தத் தராசு கையிலயா! நான் உறவுக்காரன்னு அவன் தன் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டானாம். அதனால அவன்கூட இன்னும் ரெண்டு பேர் உட்கார்ந்து மார்க் போடுவாங்களாம். அறிக்கை வெளியாகற வரைக்கும் எங்கிட்ட தொழில் பேசக் கூடாதுன்னு அவனுக்கு உத்தரவாம். நல்லதாப் போச்சு, எனக்கும் அவன் குரலைக் கேக்க வேண்டாம்.

மூணு வாரம் கழிச்சு அறிக்கையோட வரைவு வந்தது. வெளியிடறதுக்கு முன்னாடி நாலு கம்பெனிக்கும் ஒரு பிரதி அனுப்புவாங்க. தகவல் பிழை ஏதாவது இருந்தா ஆதாரத்தோட வந்து ஒரு மணி நேரம் பேசலாம். அபிப்பிராயத்தைப் பத்திப் பேசக் கூடாது, பிழையைப் பத்தி மட்டும். அதுதான் அவங்க வழக்கம், அதுக்குப் பேரு விசாரணை.

நாங்க மூணாவது! யானை முதல்ல, வாடகைக்காரன் ரெண்டாவது, நாங்க மூணாவது, இலவசக்காரன் கடைசி. ஆபீஸ்ல எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. சப்போர்ட் பிரிவுத் தலைவி கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அவங்களை எல்லாரும் லாக் அக்கான்னு கூப்பிடுவோம். மெஷின் தான் செஞ்சதையெல்லாம் தானே குறிச்சு வைக்கற லாக்கை நாம செய்தித்தாள் படிக்கற மாதிரி காலையில படிப்பாங்க, அதனால. அவங்க வீட்டுல சம்பாதிக்கறது அவங்க ஒருத்தர்தான்.

"அப்பாடா. மூணு வருஷத்துல என் பொண்ணு படிப்பு முடிஞ்சிடும் சார்"ன்னாங்க.

நான் கை தட்டல. நான் பதினேழாம் பக்கத்தைப் படிச்சுக்கிட்டிருந்தேன். அதுல இருந்ததை அப்படியே சொல்றேன்: "இயங்கும் நிறுவல்கள் 290. இது வெளியான ஒப்பந்தங்களிலிருந்து கணக்கிடப்பட்டது. விற்பனைத் தரப்பு கூறும் 412 என்ற எண்ணிக்கைக்கு ஆதாரம் இல்லை."

நிறுவல்னா ஓடிக்கிட்டிருக்கற எங்க டேட்டாபேஸ். விற்பனைத் தரப்புன்னா யாரு? நான்தான். நானூத்திப் பன்னிரண்டுன்னு அவங்களுக்கு எழுதிக் குடுத்தவன் நான். அதாவது நான் புளுகன்னு ஊர் உலகத்துக்கே அச்சடிச்சுச் சொல்றான். இவன் இன்னைக்குத்தான் இப்படிப் பேசறான்னு இல்ல. பல வருஷத்துக்கு முன்னாடி, மாமனார் முன்னாடி, சாப்பாட்டு மேசையில, "சின்ன மாப்பிள்ளை சொல்ற எண்ணிக்கையில பாதியை எடுத்துக்கிட்டா சரியா இருக்கும்"னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சவன். மாமனார் கூடச் சிரிச்சார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு. இப்போ அதையே பதினேழாம் பக்கத்துல போட்டிருக்கான்.

நேரா டைரக்டர் அறைக்குப் போனேன். "இதை எதிர்த்துப் போகணும்."

"எதுக்கு? மூணாவது போதுமே."

"நானூத்திப் பன்னிரண்டை நிரூபிச்சா ரெண்டாவதே வரலாம்."

அவர் கன்னத்தைச் சொறிஞ்சார். "ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"உண்மையைச் சொல்றதுல என்ன சார் ஆபத்து?"

இதைச் சொன்ன வாயை இப்போ என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க.

ஆதாரம் எங்ககிட்ட பத்திரமா இருந்தது. நாங்க வித்த ஒவ்வொரு டேட்டாபேஸும் தினமும் காலையில எங்க ஆபீஸ் மெஷினுக்கு ஒரு வரி அனுப்பும். நான் உயிரோட இருக்கேன்னு ஆஜர் குடுக்கற மாதிரி. எந்த வாடிக்கையாளர், எந்த ஊர், எந்தப் பதிப்பு, இன்னும் நாலஞ்சு தேதி, அவ்வளவுதான். லாக் அக்காவைக் கூப்பிட்டு, அந்தப் பட்டியலை முழுசா அச்சடிச்சுத் தாங்கன்னு சொன்னேன். மத்தியானம் பதினோரு பக்கம் கொண்டு வந்து வச்சாங்க. எண்ணினேன். நானூத்திப் பன்னிரண்டு. ஒண்ணு கூட, ஒண்ணு குறைய இல்ல. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

லாக் அக்கா போகாம நின்னாங்க.

"சார், இதை முழுசாவா குடுக்கப் போறீங்க? கடைசியில ஒரு தேதி இருக்கு பாருங்க, அது..."

"எல்லாம் இருக்கட்டும்."

"முதல் மூணு கட்டம் மட்டும் குடுத்தாப் போதும் சார். அவங்க கேக்கறது எண்ணிக்கைதானே? ஒரு நிமிஷம் உட்காருங்க, நான் அதைக் காட்டிடறேன்."

"ஒரு எழுத்துல கை வைக்கக் கூடாது!" கத்தினேன், ஆமா. வெளியில இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. "ஒரு கட்டத்தை எடுத்தாலும், எதையோ மறைக்கறான்னு சொல்லுவான். அவனைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. எடுக்காம, வெட்டாம, அப்படியே முகத்துல விட்டெறியணும். அக்கா, சப்போர்ட் வேலை உங்களுது, விக்கற வேலை என்னுது. அவங்கவங்க வேலையைப் பார்க்கலாம்."

அவங்க என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "சரி சார்"னுட்டுப் போயிட்டாங்க. நான் பேனாவை எடுத்து பதினோரு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டேன். கீழே "உண்மைப் பிரதி"ன்னும் எழுதினேன். என்னா அழகான கையெழுத்து, அன்னைக்குன்னு பார்த்து!

நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை வந்தது. அக்கா வீட்டுல எல்லாருக்கும் சாப்பாடு. அக்கா வீடுன்னா தராசு வீடுதான். நானும் அவனும் எதிரெதிரா உட்கார்ந்து, தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடிச்சோம். கை கழுவப் போனப்போ பின்னாடியே வந்தான். குழாயை முழுசாத் திறந்து விட்டான்.

"விசாரணைக்கு விண்ணப்பம் போட்டிருக்கீங்க."

"பேசக் கூடாதுன்னு விதியாச்சே?"

"எண்ணிக்கைக்குக் காகிதம் வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன். கையெழுத்தோட."

"அதைக் குடுக்காதீங்க."

தண்ணி கொட்டிக்கிட்டே இருந்தது. நான் அவனைப் பார்த்தேன். நெத்தியில வேர்வை. அடேங்கப்பா, இருபத்தோரு வருஷத்துல அவன் வேர்த்து அன்னைக்குத்தான் பார்த்தேன்.

"பயமா சகலை?"

"மூணாவது இடத்தை வாங்கிட்டு வீட்டுக்குப் போங்க. இதுக்கு மேல நான் சொல்ல முடியாது."

"உங்க அறிக்கையில தப்பு இருக்குன்னு உங்க ஆபீஸ்ல தெரிஞ்சா மானம் போயிடும், அதானே?"

குழாயை மூடினான். "உங்களுக்கு எப்பவும் காது கொஞ்சம் மந்தம்"னு சொல்லிட்டு, கையைக்கூடத் துடைக்காம போயிட்டான். திமிரைப் பாருங்க! கார்ல வரும்போது நான் விசிலடிச்சுக்கிட்டே வந்தேன். "என்னங்க, அத்தான் என்ன சொன்னார்?"னு மனைவி கேட்டா. "கால்ல விழாத குறை"ன்னேன்.

செவ்வாக்கிழமை விசாரணை. ஜன்னல் இல்லாத அறை, நீள மேசை, ஆளுக்கு ஒரு தண்ணி பாட்டில். தராசு நடுவுல. அவனுக்கு வலது பக்கம் ஒரு வழுக்கைத் தலைக்காரர். இடது பக்கம் கையில ஸ்கேல் வச்சிருந்த ஒரு பொண்ணு, முப்பது வயசு இருக்கும். என் பக்கம் டைரக்டரும் நானும். நான் எழுந்து நின்னே பேசினேன். பதினேழாம் பக்கத்தை உரக்கப் படிச்சேன். "ஆதாரம் இல்லை"ங்கற இடத்தை ரெண்டு தடவை படிச்சேன். அப்புறம் பதினோரு பக்கத்தையும் மேசையில வச்சுத் தள்ளினேன். அது வழுக்கிக்கிட்டுப் போய் தராசு முன்னாடி நின்னுது. அவன் தொடல. அந்தப் பொண்ணுதான் எடுத்தா.

ஸ்கேலை ஒவ்வொரு வரிக்குக் கீழயும் வச்சு வச்சு எண்ணினா. பத்து நிமிஷம் ஆச்சு.

"நானூத்திப் பன்னிரண்டு. சரியா இருக்கு. எங்க எண்ணிக்கைதான் தப்பு, திருத்திடறோம்."

நான் தராசைப் பார்த்துச் சிரிச்சேன். வாழ்க்கையிலயே அவ்வளவு இனிப்பா ஒரு சிரிப்பு நான் சிரிச்சதில்ல. அது ஒரு நிமிஷம்கூட நிக்கல.

"இந்தக் கடைசிக் கட்டம் என்ன சார்?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டா.

எட்டிப் பார்த்துத் தலைப்பைப் படிச்சேன். "கடைசியா எழுதின தேதி."

"அப்படின்னா?"

"அந்த டேட்டாபேஸ்ல யாராவது புதுசா ஏதாவது பதிஞ்ச கடைசி..."

பாதியிலயே நிறுத்திட்டேன். ஏன்னா நான் படிக்கும்போதே என் கண்ணு கீழே ஓடிடுச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தேதி. அதுக்குக் கீழே மூணு வருஷம். அதுக்குக் கீழே போன வருஷ ஆரம்பம். மறுபடி மூணு வருஷம்.

அவ ஸ்கேலை மறுபடி மேல கொண்டு போய் எண்ண ஆரம்பிச்சா. இந்தத் தடவை பென்சிலால புள்ளி வச்சுக்கிட்டே. எனக்கு உட்காரணும்னு தோணவே இல்ல, அப்படியே நின்னேன்.

"கடந்த மூணு மாசத்துல ஏதாவது எழுதப்பட்டது இருபத்தொன்பது இடத்துல. மீதி முன்னூத்தி எம்பத்திமூணு இடத்துல யாரும் ஒண்ணும் எழுதலை."

வழுக்கைத் தலைக்காரர் தொண்டையைச் செருமினார். "பழைய பதிவுகளை ஏழு வருஷம் வச்சிருக்கணும்னு சட்டம் இருக்கு. அதுக்காக ஓட விட்டிருக்காங்க. புது வேலையெல்லாம் வேற கம்பெனிக்கு மாத்திட்டாங்க. ஏழு வருஷம் முடிஞ்சதும் நிறுத்திடுவாங்க. அப்படித்தானே?"

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். எங்க வாடிக்கையாளர்கள் எங்களை விட்டுப் போகலை, கிடங்குச் சாவியை மட்டும் எங்ககிட்ட குடுத்துட்டுக் கடையை வேற தெருவுக்கு மாத்திட்டாங்க. நான் சாவியை எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். வருஷா வருஷம் போய் அவங்க கையைக் குலுக்கி, "எப்படி ஓடுது?"ன்னு கேப்பேன். "நல்லா ஓடுது"ம்பாங்க. அது போதும் எனக்கு. எழுதறீங்களான்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருப்பேனா?

"முதல் வரியில இருக்கறது யாரு?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டா. "வாடிக்கையாளர் எண் ஒண்ணு. பதினாறு மாசமா எழுதலை. பேரு உங்க கம்பெனி பேரு மாதிரியே இருக்கே."

மாதிரி என்ன மாதிரி. நாங்களேதான். எங்க விற்பனை விவரமெல்லாம் எங்க டேட்டாபேஸ்லதான் இருந்தது. பதினாறு மாசத்துக்கு முன்னாடி, "போன்லயே பதியற வசதி வேணும், ஊர் சுத்தறவனுக்கு அதுதான் சௌகரியம்"னு ஒருத்தன் பிடிவாதம் பிடிச்சு, எல்லாத்தையும் வாடகைக்காரன்கிட்ட மாத்த வச்சான். அந்த ஒருத்தனை நீங்க தேட வேண்டாம். அறையில நின்னுக்கிட்டிருந்தவன் அவன் ஒருத்தன்தான்.

யாரும் சிரிக்கல. தராசு கூட. சிரிச்சுத் தொலைச்சிருக்கலாம்.

"இந்தக் காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கறேன்"னு சொன்னேன். மேசைக்கு மேல கையை நீட்டினேன்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்த ஆவணத்தைத் திரும்பக் குடுக்க வழி இல்ல சார்"னா அந்தப் பொண்ணு. வருத்தமாத்தான் சொன்னா.

வெளியில, லிஃப்ட்டுக்குப் பக்கத்துல, தராசை மடக்கிப் பிடிச்சேன். டைரக்டர் எனக்காகக் காத்திருக்காம படியிலயே இறங்கிப் போயிட்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" மரியாதையெல்லாம் எப்பவோ போயிடுச்சு.

"உங்க வாடிக்கையாளர் நாப்பது பேருக்கு போன் பண்ணினேன். எல்லாரும் ஒண்ணையே சொன்னாங்க. ஓடுது, ஆனா எழுதறதில்லன்னு. வாய் வார்த்தையை அறிக்கையில போட முடியாது. காகிதம் வேணும். எங்கிட்ட காகிதம் இல்ல."

"நான் கொண்டு வந்து குடுத்தேன்."

"ஆமா. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு."

"அன்னைக்குக் குழாயடியில விளக்கமா சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"அவ்வளவு சொன்னதுக்கே என் வேலை போயிருக்கும்." லிஃப்ட் வந்துடுச்சு. ஒரு காலை உள்ளே வச்சுக்கிட்டுச் சொன்னான்: "உங்களை எனக்கும் பிடிக்காது. இருபத்தோரு வருஷமாப் பிடிக்காது. ஆனா உங்க ஆபீஸ்ல இருக்கற மத்தவங்க எனக்கு என்ன பாவம் பண்ணினாங்க?"

கதவு மூடிக்கிச்சு. நானும் படியிலயே இறங்கினேன்.

வீட்டுல மனைவிகிட்ட முழுசாச் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டே துணியை மடிச்சு வச்சா. கடைசித் துணியையும் அடுக்கினா. அப்புறம், "நுணலும் தன் வாயால் கெடும்பாங்க. நீங்க கையெழுத்தால கெட்டிருக்கீங்க"ன்னா. "அத்தானை ஜெயிக்கணும்னு மட்டும் நினைச்சீங்க. மூணாவது இடம் கையில இருந்துச்சேங்க."

வெள்ளிக்கிழமை அறிக்கை வந்தது. இலவசக்காரன் மூணாவது. நாங்க நாலாவது. பதினேழாம் பக்கத்துல திருத்தியிருந்தாங்க: "இயங்கும் நிறுவல்கள் 412. ஆதாரம்: விற்பனைத் தரப்பு." சாயங்காலமே மேலிடத்துல இருந்து கடிதம் வந்துடுச்சு. டைரக்டர் அதை என் மேசையில வச்சார். "திங்கக்கிழமை நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா." இந்தத் தடவை கதவைச் சாத்தல.

லாக் அக்கா கிளம்பற நேரம். பையை மாட்டிக்கிட்டு என் மேசைக்கு வந்தாங்க. அவங்க கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல.

"அக்கா, நீங்க அன்னைக்கே தெளிவா சொல்லியிருக்கலாம்"னேன். பாருங்க, அப்பவும் அந்தப் பழியை வேற எங்கயாவது இறக்கி வைக்கத்தான் மனசு தேடுது.

"உட்காருங்கன்னு சொன்னேன் சார். நீங்க உட்காரல." அவ்வளவுதான் சொன்னாங்க. என்னைத் திட்டியிருந்தா நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அதுவாவது ஆறுதலா இருந்திருக்கும்.

திங்கக்கிழமை காலையில எழுந்தேன். வழக்கம் போல கை தானாப் போனை எடுத்துச்சு. வாடகைக்காரன் செயலி திறந்து, வழக்கம் போலக் கேட்டுச்சு: இன்று யாரைச் சந்திக்கிறீர்கள்? முப்பத்தேழு பேரை ஒவ்வொருத்தரா அடிச்சேன். லாக் அக்கா பேரை முதல்ல போட்டேன். சந்திப்பின் நோக்கம்னு கேட்டுச்சு. விற்பனை, புதுப்பித்தல், மற்றவை. மற்றவையைத் தொட்டேன்.

பதிவாகிவிட்டதுன்னு வந்தது. அரை நொடிகூட ஆகல.